மஸ்டர் களம் வழியே வந்த பாட்டில்

ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா கேட்டார்: “ஏனுங்க, இது மூத்திரமுங்களா, பைப்புத் தண்ணியுங்களா?”

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பாட்டில் அது. அதன் வழியாகப் பார்த்தால் வெளியே சரிவில் நின்ற சில்வர் ஓக் மரங்கள் கொஞ்சமும் நிறம் மாறாமல் தெரிந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டிப்பெரியாறிலிருந்து ஏலப்பாறை போகும் சாலையில் இருந்த அந்தச் சிறிய ஆஸ்பத்திரியில் ஆய்வகம் என்றால் நான் ஒருவன்தான். சாம்பிளில் பெயர் ஒட்டுவதும் நான், மெஷினில் சுழற்றிப் பார்ப்பதும் நான், எழுதுவதும் நான். மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வைக்கு எத்தனை சீழ் செல் என்று பத்து இடத்தில் எண்ணிச் சராசரி போடுகிறவன். மற்ற இடங்களில் மூன்று இடம் பார்த்துவிட்டு எழுதுவார்கள். “நான் எண்ணினது ரெண்டு மூணு செல்தான் டாக்டர். நார்மல். வேணும்னா நீங்களே பாருங்க” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்து பார்த்தார். நிதானமாக, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு, “நீங்க எண்ணுனது சரிதானுங்க. ஆனா இந்தப் புள்ள வலியில கால மடக்கிட்டு உக்காந்துட்டிருக்கறா. ரெண்டும் எப்படிச் சரியாகும்?” என்றார்.

அவருடைய குணம் முழுதும் அந்தக் கேள்வியில் இருந்தது. என் எண்ணிக்கையையும் சந்தேகிக்கவில்லை, அந்தப் பெண்ணின் வலியையும் சந்தேகிக்கவில்லை. நான் பார்த்த மற்ற டாக்டர்கள், நல்லவர்கள்கூட, காகிதத்தில் நார்மல் என்று இருந்தால் நோயாளியைத்தான் சந்தேகிப்பார்கள். “மனசுல ஏதாவது கவலை இருக்கா” என்று கேட்டு ஒரு தூக்க மாத்திரை எழுதுவார்கள்.

டாக்டரம்மா பாலக்காட்டின் கிழக்குப் பக்கம், கொழிஞ்சாம்பாறையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு ஊர்க்காரர். தென்னையும் நிலக்கடலையும் வைத்திருந்த விவசாயக் குடும்பம். அறுவை சிகிச்சை படித்துவிட்டு, நகரத்தில் இருக்காமல் ஏன் இந்த மழையிலும் அட்டைக்கடியிலும் வந்து உட்கார்ந்தார் என்று பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நானும் ஒரு தரம் கேட்டேன். “எங்கூர்ல வெயில் சாஸ்திங்க, இங்க குளுகுளுன்னு இருக்குது” என்றார். நம்பும்படியாக இல்லை. ஆனால் அதற்குமேல் கேட்கவும் விடவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தென்பாண்டிப் பேச்சு அவருக்குச் சிரிப்பு. அவருடைய ‘ங்க’ எங்களுக்குச் சிரிப்பு. கொழுந்து எடுக்கும் பெண்கள் வரிசையில் நிற்கும்போது அவரைப் போலவே பேசிக் காட்டிக்கொள்வார்கள். அது அவர் காதில் விழும். உள்ளிருந்தபடியே, “இன்னும் ஒரு ‘ங்க’ சேத்துப் போடோணும் அம்மிணி, பத்தாது” என்று குரல் கொடுப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிறுநீர்ப் பாதையில் வரும் காசநோய்க்கு ஒரு முகம் இருந்தது. பெரும்பாலும் ஆண்கள். பேக்டரியில் வேலை செய்கிறவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள். எப்போதோ நெஞ்சில் காசம் வந்து, உடம்பு தேறியதும் மாத்திரையைப் பாதியில் விட்டவர்கள். சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று பயந்துகொண்டு வருவார்கள். அதற்குள் ஒரு சிறுநீரகம் சுண்ணாம்புக் கட்டியாகி எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும். எங்களால் செய்ய முடிந்தது குறைவு, ஆனால் அடையாளம் காண்பதில் சிரமம் இருக்கவில்லை. இளநிலை டாக்டர்கூடச் சொல்லிவிடுவார்.

பிறகு மெல்ல மெல்ல அது மாறியது. நெஞ்சுக் காசத்தைச் சீக்கிரமே கண்டுபிடித்து, வீடு தேடி வந்து மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். சிவப்பாகப் போகிறது என்று வரும் ஆண்கள் குறைந்தார்கள். நான் சந்தோஷப்பட்டேன், நோய் போய்விட்டது என்று. டாக்டரம்மா சந்தோஷப்படவில்லை. எரிச்சல், அடிக்கடி போக வேண்டியிருக்கிறது, அடிவயிறு வலி என்று திரும்பத் திரும்ப வந்த பெண்களையும், சர்க்கரை வியாதிக்காரர்களையும், வயதானால் இப்படித்தான் என்று வீட்டில் சொல்லிவிட்ட கிழவர்களையும் அவர் விடாமல் துருவினார். அவர்களில் சிலருக்கு எப்போதோ இரத்தத்தில் வந்து சிறுநீரகத்தில் உறங்கிக் கிடந்த கிருமி இப்போது விழித்திருந்தது. ஆனால் வெளியே தெரிந்தது சாதாரண நீர்க்கடுப்பு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கொடுத்த மாத்திரைகள் இந்தக் கிருமியைக் கொல்லாமல், மயக்கம் மட்டும் போட வைத்தன. நாலு நாள் சுகம், பிறகு பழையபடி. “முன்னெல்லாம் திருடனாட்டம் கதவ ஒடச்சுட்டு வருமுங்க” என்பார் டாக்டரம்மா. “இப்ப விருந்தாடியாட்டம் செருப்பக் கழட்டி வெச்சுட்டு வருது. ஆருன்னு கேக்கறதுக்குள்ள சமையக்கட்டுல உக்காந்துக்குது.”

அன்று பாட்டிலுக்குச் சொந்தக்காரியான பெண் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில் மேலே இருந்த மேல் லயத்தைச் சேர்ந்தவள். முப்பது வயது இருக்கும். புருஷன் மரம் சாய்ந்து இறந்துபோனான். அவளும் மாமியாரும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகளும் ஒரே அறையும் சமையலறையுமான லயத்து வீட்டில் இருந்தார்கள். ஒரு வருஷமாக அவளுக்கு எரிச்சல். கொழுந்து எடுக்கும்போது கால் மணிக்கு ஒரு தரம் வரிசையை விட்டு ஓட வேண்டியிருந்தது. கங்காணி பொறுத்துப் பார்த்துவிட்டு, “முடியலைன்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிரு தாயி. ஆளு நிக்காத வரிசைக்கு நான் என்ன கணக்குச் சொல்ல?” என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். எழுதிக் கொடுப்பது என்றால் வேலையை விடுவது. வேலையை விட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவளுடைய தாத்தாவின் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர். அங்கே அவளுக்கு இப்போது கதவைத் தட்ட ஒரு வீடு கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது சுகம்கூட இல்லை, வரிசையில் நிற்க ஒரு வழி. எங்களிடம் அது மூன்றாவது பரிசோதனை. மூன்றும் நார்மல்.

டாக்டரம்மா அவளை எதிரே உட்கார வைத்து நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “காலைல எந்திரிச்சதுலயிருந்து என்னென்ன பண்ணுனே? ஒண்ணு விடாம சொல்லு அம்மிணி” என்றார். நான் அடுத்த சாம்பிளோடு வாசலில் நின்று, இந்த ஊர்க்கதைக்கு இப்போது நேரமா என்று புழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எழுந்தாள், வெளியே போனாள், தலைக்குக் குளித்தாள். சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் ஒரு சொம்பு குடித்தாள். ஜீப்புக்கு நிற்கும்போது பாட்டிலில் கொண்டுவந்ததைக் குடித்தாள். இங்கே வந்து குழாயில் பிடித்து இன்னும் குடித்தாள்.

“இத்தன தண்ணி எதுக்கு?”

“ஆசுபத்திரிக்கு வாரோம்ல டாக்டரம்மா. குளிக்காம கொள்ளாம வர முடியுமா? அது மாதிரிதான். மஞ்சளா, நாத்தமா குடுத்தா…” என்று அவள் என்னைப் பார்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். “அண்ணன் மூக்கப் பொத்துவாகல்ல.”

“தோட்டத்துல இருக்கும்போது எவ்வளவு குடிப்பே?”

“தோட்டத்துல எங்கிட்டுக் குடிக்க? குடிச்சா எங்கிட்டுப் போக? சுத்தி ஆம்பளையாளு, கீழ அட்ட. மத்தியானக் கஞ்சித் தண்ணியோட சரி.”

டாக்டரம்மா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே போய் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். எல்லாரும் அதே கதைதான். ஒருத்தி இளநீர் குடித்திருந்தாள், ஒருத்தி பார்லித் தண்ணீர். நல்ல சேலை கட்டி, பவுடர் போட்டு வருவதைப் போல, சோதனைக்குக் கொடுக்கப் போகிறதையும் அலசித் தெளிய வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தோட்டத்தில் வேலை நாளில் தொண்டை காய நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரி நாளில் மட்டும் வயிறு முட்டக் குடித்தார்கள். நான் பத்துப் பத்து இடமாக எண்ணியதெல்லாம் அந்தத் தண்ணீரைத்தான்.

மூன்று நாள், இரவெல்லாம் தேங்கியதைக் காலையில் முதலில் போகும்போது முழுவதும் பிடிக்க வேண்டும், தண்ணீர் குடிக்கும் முன்பே. இதுதான் டாக்டரம்மா கேட்டது. காசநோய்க் கிருமி சிறுநீரில் எப்போதும் இறங்காது, இறங்கினாலும் கொஞ்சம்தான். அதனால் மூன்று நாள். அந்தப் பெண் முடியாது என்று சொல்லிவிட்டாள். அவளுடைய மாமியார் அதற்குமேல். “சாமி படம் மாட்டுன வீட்டுக்குள்ள அதப் புடிச்சு வைக்கவா?” என்று கேட்டாராம். அதையும் சமாளிக்கலாம், வாசலில் கூடையைக் கவிழ்த்து உள்ளே வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. உண்மையான தடை வேறு. மேல் லயத்திலிருந்து சாலைக்கு வர ஒரே வழி மஸ்டர் களம். காலையில் பெயர் கொடுக்க எல்லா ஆட்களும் அங்கேதான் நிற்பார்கள். அத்தனை பேர் நடுவே ஒரு பெரிய பாட்டிலோடு அவள் நடக்க வேண்டும். பையில் மறைத்தால் மட்டும் என்ன, வேலைக்குப் போகாமல் பையோடு எங்கே போகிறாள் என்று கேட்பார்கள். “செத்தாலும் செய்ய மாட்டேன்” என்று அவள் சொன்னது வெறும் பேச்சு இல்லை. அவள் முகத்தைப் பார்த்த எனக்கு அது தெரிந்தது.

“நீ நடக்க வேண்டாம் அம்மிணி. நான் வாறேன்” என்றார் டாக்டரம்மா.

நான் தடுத்தேன். ஒரு ஆயாவை அனுப்பலாம், ஜீப் டிரைவரை அனுப்பலாம் என்றேன். ஆயாவை அனுப்பினால் ஆயாவுக்கு அதே வெட்கம் வரும் என்றார். கடைசியில் ஜீப்பில் அவரோடு நானும் போக வேண்டியதாயிற்று. குளிர், தூறல், என் முழங்கால் வேறு. மஸ்டர் களத்தின் ஓரத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் மட்டும் மேலே ஏறிப் போனார். திரும்பி வரும்போது களம் நிறைந்திருந்தது. பிளாஸ்டிக் படுதாவை இடுப்பில் சுற்றிய பெண்கள், தொப்பி போட்ட ஆண்கள், குடையோடு கங்காணி. டாக்டரம்மா மூடி போட்ட அகன்ற கண்ணாடிப் பாட்டிலைப் பையில் வைக்கவில்லை, துணி சுற்றவில்லை. இரண்டு கையாலும் முன்னால் பிடித்துக்கொண்டு, ஓரமாக ஒதுங்காமல், களத்தின் நட்ட நடுவே நடந்து வந்தார். உள்ளே இருந்தது தேயிலைச் சாயம் போலக் கலங்கலாகத் தெரிந்தது.

எல்லாரும் பாட்டிலையே பார்த்தார்கள். கங்காணிதான் வாயைத் திறந்தார்: “என்ன டாக்டரம்மா, விடியக்காலமே தேன் எடுத்துட்டு வாறீகளா?”

“தேனா இருந்தா நீங்க கேப்பீங்க, நான் குடுக்கோணும்” என்றார் அவர் நிற்காமலே. “இது நம்ம அல்லாருகிட்டயும் இருக்கறதுதானுங்க. தள்ளி நில்லுங்க, உங்க மேல கொட்டீரப் போகுது.”

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிக் களம் முழுதும் பரவியது. கங்காணியும் இரண்டடி பின்னால் போய்விட்டுச் சிரித்தார். யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். மறுநாளும் அப்படியே நடந்து வந்தார். மூன்றாம் நாள் அவர் ஜீப்பில் ஏறும்போது வயதான ஒரு பெண் அருகில் வந்து, “எனக்கும் ஒரு போத்தல் தந்துட்டுப் போங்க. எனக்கும் ரொம்ப நாளா இருக்கு” என்றாள். அடுத்த வாரத்தில் நாலு பேர் கேட்டார்கள். தங்கள் கையாலேயே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்கள்.

முதல் பாட்டிலைச் சுழற்றி அடியில் படிந்ததைக் கண்ணாடித் துண்டில் எடுத்துப் பார்த்தேன். சீழ் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதித்துக்கொண்டு கிடந்தன. என்னால் எண்ண முடியவில்லை. அத்தனை வருஷத்தில் ‘எண்ண முடியவில்லை’ என்று நான் எழுதியது மிகச் சில தரம்தான், ஒவ்வொரு தரமும் எனக்குத் தோற்றது போலத்தான் இருக்கும். சாதாரணக் கிருமி வளர்த்துப் பார்த்ததில் ஒன்றும் முளைக்கவில்லை. இவ்வளவு சீழ், ஆனால் கிருமி இல்லை. டாக்டரம்மா தேடியது இந்தப் பொருத்தமின்மையைத்தான். முதல் இரண்டு நாள் காசநோய்க் கிருமிக்கான சாயம் போட்டதில் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள், கண் நீர் கொட்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தபோது, நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள். ஐந்து எண்ணினேன். ஓடிப்போய் அவரை அழைத்து வந்தேன். வயசுக்கு ஓடக் கூடாத ஓட்டம். அவர் பார்த்துவிட்டு, “அஞ்சேதானுங்களா?” என்றார். “போதுமுங்க. வெளியூருக்கு அனுப்பி வளத்தியும் பாத்துருவோம்.” அந்த முடிவு வர வாரக்கணக்கில் ஆனது, அதுவும் இதையே சொன்னது.

அதற்குள் ஸ்கேன் எடுத்திருந்தார்கள். இடது சிறுநீரகம் நீர் கட்டி உப்பியிருந்தது. அங்கிருந்து இறங்கும் குழாய் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கியிருந்தது. அந்தப் பெண்ணிடம் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். எங்கள் ஊரில் டிபி என்று ஒரு பெண்ணிடம் சொன்னால் முதலில் அவள் கதவைத்தான் பார்ப்பாள், யாருக்காவது கேட்டிருக்குமோ என்று. இவளும் பார்த்தாள். “இது இருமி வர்றதில்ல. உம்பட புள்ளைங்களோட ஒரே பாயில படுத்துக்கலாம்” என்றார். பிறகு அவருக்குத் தெரிந்த விதத்தில் விளக்கினார்: “கெணத்துல தண்ணி இருக்குது. வாய்க்கால்ல மண்ணு அடச்சிருச்சு. வாய்க்காலத் தொறக்காட்டி கெணத்துக் கர இடிஞ்சிரும். மொதல்ல அதுல ஒரு குழாயப் போடோணும். அப்பறம் ஆறு மாசம் மாத்தர. நாளைக்கு ஒண்ணுக்குச் செவசெவன்னு போகும், அது மாத்தரச் சாயம். ரத்தம்னு நெனச்சு நிறுத்தினியோ, நானே மஸ்டருக்கு வந்து பேர் சொல்லிக் கூப்புடுவேன்.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

சிறுநீரகத்தை எடுக்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் முழுதாக மீளவும் இல்லை. நோயில் சிறுநீர்ப்பை சுருங்கியது சுருங்கியதுதான். எரிச்சலும் வலியும் போய்விட்டன, கால் மணி அரை மணியானது, அவ்வளவுதான். இனி வாழ்நாள் முழுதும் அப்படித்தான் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அப்படியானால் வரிசையில் நிற்க முடியுமா, வீடு இருக்குமா என்று அவள் கேட்டாள். மருத்துவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார், மேனேஜரையும் போய்ப் பார்த்தார். மேனேஜர் நல்ல வார்த்தை சொன்னார். ஆனால் வரிசையில் மேனேஜர் நிற்பதில்லை, கங்காணிதான் நிற்கிறார். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

டாக்டரம்மா இப்போது இல்லை. சொந்த ஊரிலேயே காலமானார். போன மாதம் நகரத்தில் புதிதாகத் திறந்த ஒரு ஆய்வகத்தில் நான் உட்கார்ந்திருந்தேன், நோயாளியாக. ராத்திரி ஐந்து தரம் எழுந்திருக்கிறேன். வயசுக்குப் புராஸ்டேட்தான் என்று மகன் சொல்கிறான், டாக்டரும் சொல்கிறார். இருக்கலாம். முன்பு நாங்கள் வாரக்கணக்கில் காத்திருந்ததை இப்போது ஒரு இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. என் முன்னால் வடக்கேயிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த ஒரு இளைஞன், பாஷை தெரியாமல், கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ஆய்வகத்துப் பெண் அவனுக்கும் எனக்கும் ஒவ்வொரு சின்னப் பாட்டில் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அவன் தண்ணீர்ப் பாட்டிலைக் காட்டி, கையை ஆட்டி, நாளைக் காலையில், தூங்கி எழுந்ததும் என்று சைகையில் சொன்னேன். அவன் நான் பைத்தியம் என்று நினைத்திருப்பான். ஆய்வகத்துப் பெண் நிச்சயமாக நினைத்தாள். இருந்தாலும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அந்தக் காலத்தில், மேல் லயத்துப் பெண் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள் டாக்டரம்மா என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். வேறு ஏதோ வேலையாகப் போகிறோம் என்றார். சாலையோரத்தில் நிறுத்தி, தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நின்றார். கீழே ஏழு பெண்கள் ஒரு வரிசையாக நின்று கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அரை மணி ஆகியிருக்கும். அவள் நிமிர்ந்தாள். கத்தரியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கங்காணியைப் பார்த்தபடி நின்றாள். அந்த மனுஷர் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. அதற்குள் பக்கத்தில் நின்றவள் கத்தரியைச் செடிமேல் வைத்து, “ஏளா, வா, எனக்கும் வருது” என்றாள். அதற்கடுத்தவளும் வைத்தாள். வரிசை முழுதும் வைத்தது. ஏழு பேரும் மரங்களின் பக்கம் ஏறிப் போனார்கள். போகிறபோதே ஒருத்தி இடுப்புப் படுதாவை அவிழ்த்து மறைப்புக்கு விரித்துக்கொண்டாள்.

கங்காணி எங்களைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “என்ன டாக்டரம்மா இது? அத்தன பேருக்கும் ஒரே நேரத்துலயா வரும்?”

“தண்ணி குடிச்சா வருமுங்க” என்றார் டாக்டரம்மா. “நாந்தான் அல்லாரையும் குடிக்கச் சொன்னேன்.”

கங்காணி இன்னொரு தரம் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு குடையை விரித்து, மரங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார், அவர்கள் வரும் வரை.